கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் ஏன் விழுகிறது? ரேஞ்ச்ஃபைண்டரும் ஃபோகஸ் ஷிஃப்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) வைத்திருப்பவர்கள் எங்கள் வட்டத்தில் ஏழெட்டுப் பேர். யாராவது புதிதாக எஃப்/1.4, எஃப்/1.5 என்று வேகமான லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம்) ஒன்றை வாங்கினால் போதும், இரண்டாவது ரோல் கழுவி வந்த அன்று எனக்கு ஃபோன் வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான், சொற்கள்தான் மாறும். அதே பதிலை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் பெரும்பாலும் ஸைஸ் சி சொன்னார் (Zeiss C Sonnar) 50 மி.மீ. எஃப்/1.5 லென்ஸைத்தான் எடுத்துக்கொள்கிறேன். லைக்கா எம் மவுன்ட்டுக்காக (லைக்கா எம் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வாய்) ஜப்பானில் கொசினா நிறுவனம் தயாரித்தது. இந்த விஷயத்தில் அதைவிடப் பெயர்பெற்ற லென்ஸ் குறைவு. தவிர, நான் அடிபட்டுக் கற்றதும் அதில்தான்.

கண்ணுல ஃபோகஸ் வச்சேன், காதுல போய் உட்கார்ந்திருக்கு. கேமரா போச்சாண்ணா?

பெரும்பாலும் போயிருக்காது. முதலில் ஒன்று சொல்லுங்கள்: எந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித்திறப்பு) எடுத்தீர்கள்? எஃப்/1.4-இல் எடுத்த படங்கள் கூர்மையாக இருந்து, எஃப்/2.8-இல் எடுத்தவை மட்டும் காதுப் பக்கம் போயிருந்தால் அது ஃபோகஸ் ஷிஃப்ட். எல்லா அப்பர்ச்சரிலும், எல்லா லென்ஸிலும் ஒரே பக்கமாகத் தவறினால் கேமராவைச் சந்தேகிக்கலாம்.

"அப்பர்ச்சர் என்ன வைத்தேன் என்று நினைவில்லையே" என்பதுதான் வழக்கமான பதில். ஃபிலிமில் அந்தத் தகவல் எங்கேயும் பதிவாகாது. அடுத்த ரோலுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் ஷிஃப்ட்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் அப்பர்ச்சரை மட்டும் மாற்றினாலும் கூர்மையாக விழும் இடம் முன்னோ பின்னோ நகர்வது. அவ்வளவுதான்.

வளையத்தைத் தொடலைன்னா எப்படி நகரும்? டிசைன் பண்றவங்களுக்கு இது தெரியாதா?

நன்றாகவே தெரியும். கோள வடிவில் தேய்த்த கண்ணாடியில் ஒரு பிறவிக்குணம் உண்டு. நடுவழியாக வரும் ஒளிக்கதிர்கள் ஓரிடத்தில் சேரும். விளிம்பு வழியாக வருபவை கொஞ்சம் கூடுதலாக வளைந்து, லென்ஸுக்குச் சற்று அருகிலேயே சேர்ந்துவிடும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போது இரண்டு வகைக் கதிர்களும் உள்ளே வருகின்றன, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் "ஆனவரை கூர்மை" அமைகிறது. அப்பர்ச்சரைச் சுருக்கினால் விளிம்புக் கதிர்கள் வெட்டுப்பட்டு நடுக்கதிர்கள் மட்டும் மிஞ்சும். அவை சேரும் இடம் பின்னால் இருக்கிறது. ஃபிலிம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே இப்போது ஃபிலிமில் கூர்மையாக விழுவது, நீங்கள் குறிவைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளியிருக்கும் பொருள்.

இந்தப் பிறழ்ச்சியை முழுக்கத் துடைத்துவிடலாமே என்றால், அதற்கு விலை உண்டு: கூடுதல் கண்ணாடிகள், ஆஸ்ஃபெரிக் (கோள வடிவம் அல்லாத) பரப்புகள், எடை, பணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. முழுத் திறப்பில் முகத்தின் மேல் படரும் அந்த மெல்லிய ஒளிர்வும், பின்னணி வெண்ணெய்போல் கரைவதும் இதே மிச்சப் பிறழ்ச்சியால் வருபவைதான். சொன்னார் வடிவமைப்பு லூட்விக் பெர்ட்டெலே என்பவருடையது. 1930-களில் கான்டாக்ஸ் கேமராவோடு புகழ்பெற்றது. கண்ணாடிக்கு மேற்பூச்சு இல்லாத அந்தக் காலத்தில், காற்றோடு உரசும் பரப்புகள் குறைவாக இருந்தால் படம் வெளிறாமல் வரும் என்பதற்காகக் கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிவைத்தார். இப்போதைய சி சொன்னாரில் ஆறு கண்ணாடி, நான்கு தொகுதி. அந்தப் பழைய குணம் வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். குணத்தோடு குறையும் கூடவே வந்தது.

என்கிட்ட எஸ்எல்ஆரும் இருக்கு. அதுல இப்படி ஒண்ணும் நடக்கலையே?

நடக்கும். எஸ்எல்ஆரிலும் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில்தான் ஃபோகஸ் பார்க்கிறீர்கள்; பட்டனை அழுத்தும்போதுதான் அது சுருங்குகிறது. ஆனால் அங்கே லென்ஸ் வழியாகவே பார்ப்பதால், அப்பர்ச்சரைச் சுருக்கிப் பார்க்கும் பிடி இருந்தால் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ள முடியும்.

ரேஞ்ச்ஃபைண்டரில் உங்கள் கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்புறம் உள்ள உலோக விளிம்பை ஒரு சின்ன உருளை தொட்டுக்கொண்டிருக்கிறது. வளையம் திரும்பத் திரும்ப அது நகர்ந்து, வ்யூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் உள்ள இரட்டை உருவத்தை ஒன்றாக்குகிறது. அந்த உருளைக்கு அப்பர்ச்சர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எஃப்/1.5-க்கும் எஃப்/8-க்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அதனால் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை ஏதாவது ஓர் அப்பர்ச்சருக்குத்தான் மிகச்சரியாக அமைக்க முடியும். "எந்த அப்பர்ச்சருக்கு?" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் சாவி.

எப்பவும் பின்னாடிதான் போகுமா?

பெரும்பாலான வேகமான லென்ஸ்களில் சுருக்கச் சுருக்கப் பின்னால் போகும், காரணம் மேலே சொன்னதுதான். பிறழ்ச்சியை அளவுக்கு மீறித் திருத்திய லென்ஸ் என்றால் முன்னால் வரும். அபூர்வம், ஆனால் இல்லாமலில்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். "சொன்னார் முன்னால் விழுகிறது என்று ஒருவர் சொல்கிறார், நீங்கள் பின்னால் என்கிறீர்களே?" இரண்டும் ஒன்றுதான். எஃப்/2.8-க்கு அமைத்த லென்ஸை எஃப்/1.5-இல் பயன்படுத்தினால் முன்னால் விழும். எஃப்/1.5-க்கு அமைத்ததை எஃப்/2.8-இல் பயன்படுத்தினால் பின்னால் விழும். நகரும் திசை மாறவில்லை, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

எவ்வளவு நகரும்? சென்டிமீட்டர் கணக்குல சொல்லுங்க சார்.

50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிம் பக்கத்தில் 0.05 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு தலைமுடியின் கனம், முகத்தின் பக்கத்தில் அது ஏறக்குறைய 2 செ.மீ. ஆகிவிடும். தூரத்தைக் குவியத்தொலைவால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் கிடைப்பதுதான் இந்தப் பெருக்கம்: 1000-ஐ 50-ஆல் வகுத்தால் 20, இருபது இருபது 400.

இப்போது இதைக் கூர்மையின் ஆழத்தோடு, அதாவது முன்பின் எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பதோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமான 0.03 மி.மீ. கணக்குப்படி (ஃபிலிமில் ஒரு புள்ளி அவ்வளவு வரை பரவினாலும் கூர்மை என்றே எடுத்துக்கொள்வது), ஒரு மீட்டரில் எஃப்/1.5-க்கு மொத்த ஆழம் சுமார் மூன்றரை செ.மீ.; முன்னால் பாதி, பின்னால் பாதி. 2 செ.மீ. பிழை அதற்கு வெளியே போய்விடுகிறது. எஃப்/2.8-இல் மொத்தம் ஆறரை செ.மீ., பிழை உள்ளே அடங்கும், ஆனால் விளிம்பில் நிற்கும். எஃப்/5.6-இல் பன்னிரண்டு செ.மீ.க்கு மேல், பிழை காணாமல் போகும். ஆகத் தொல்லை எல்லாம் முழுத் திறப்பிலிருந்து எஃப்/4 வரைக்கும்தான்.

என் சொன்னார் எஃப்/2.8-க்கு அமைத்தது. ஒரு மீட்டரில் எஃப்/1.5 வைத்தால் குறிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. முன்னால் விழுகிறது, எஃப்/2-இல் ஒரு செ.மீ. முன்னால். எஃப்/4-இல் சற்றுப் பின்னால் போகிறது, ஆனால் ஆழம் அதை விழுங்கிவிடுகிறது. இது என் லென்ஸின் கணக்கு. உங்களுடையதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

எந்தெந்த லென்ஸ்ல இந்தப் பிரச்சினை அதிகம்?

சி சொன்னார் முதல் ஆள். வாய்க்லேண்டர் நாக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப்/1.4 இன்னொன்று. அகலமான லென்ஸ் என்பதால் பிழை வராது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன பெருக்கம் 35 மி.மீ.க்கு ஒரு மீட்டரில் 800-ஐத் தாண்டும், அதாவது ஃபிலிம் பக்கத்தில் அதே நகர்வு, வெளியே இரண்டு மடங்கு. லைக்காவின் பழைய நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப்/1-இலும் உண்டு. 1994-இல் வந்த சம்மிலக்ஸ் 35 மி.மீ. ஆஸ்ஃபெரிக்கிலும் உண்டு, ஆஸ்ஃபெரிக் என்றால் தப்பித்தோம் என்பதில்லை. 2010-இல் உள்ளே தனியாக நகரும் கண்ணாடித் தொகுதியோடு அதை மாற்றிக் கொண்டுவந்தபோது தொல்லை பெரிதும் குறைந்தது.

எஃப்/2-உம் அதற்குக் குறைந்த வேகமும் உள்ளவற்றில், சம்மிக்ரான் 50, பிளானர் 50, சி பயோகான் 35 எஃப்/2.8 போன்றவற்றில், இதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை.

என் சொன்னார் 1.5-க்கு செட் பண்ணதா 2.8-க்கு செட் பண்ணதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தொடக்கத்தில் வந்தவை எஃப்/2.8-க்கு அமைக்கப்பட்டவை. பிறகு எஃப்/1.5-க்கு மாற்றி அமைக்கப்பட்டவையும் புழக்கத்தில் உள்ளன. லென்ஸின் மேல் எங்கேயும் இதை எழுதியிருக்காது. விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை, அவருக்கும் தெரியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மேசை, ஒரு ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், ஒரு மரஸ்கேல் போதும். ஸ்கேலை கேமராவின் பார்வைக் கோட்டுக்கு 45 டிகிரி சாய்த்து வையுங்கள். 15 செ.மீ. குறிக்கு நேராக, அதை ஒட்டி ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். ஃபோகஸ் பார்க்க வேண்டியது தீப்பெட்டியின் செங்குத்து விளிம்பில். ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை உருவம் பக்கவாட்டில் நகர்வது, செங்குத்துக் கோடு இருந்தால்தான் துல்லியமாகச் சேரும். சாய்ந்த ஸ்கேலையே குறிவைத்தால் எந்தக் கோட்டோடு எது சேர்ந்தது என்று தெரியாமல் ஏமாறுவீர்கள். நான் ஒரு முழு ரோல் ஏமாந்திருக்கிறேன்.

ஒரு மீட்டர் தூரத்தில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள். 1.5, 2, 2.8, 4, 5.6 என்று ஐந்து படம், ஷட்டர் வேகத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றி. அப்புறம் வளையத்தை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு, மறுபடி ஃபோகஸ் செய்து, அதே ஐந்து. மூன்றாம் முறையும் அப்படியே. மொத்தம் பதினைந்து படம். மூன்று வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அது லென்ஸின் குணம். வரிசைக்கு வரிசை மாறினால் அது உங்கள் கண்ணின் குணம். ஸ்கேல் சாய்ந்திருப்பதால் அதில் தெரியும் ஒரு செ.மீ., நிஜ ஆழத்தில் 7 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். சன்னமான மணி (கிரெயின், ஃபிலிமில் தெரியும் துகள்) உள்ள ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் நல்லது.

ஃபிலிம் விக்கிற விலையில டெஸ்ட்டுக்கு ஒரு ரோலா? வேற வழி இல்லையா?

இரண்டு வழி உண்டு. யாரிடமாவது மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவும் எம் மவுன்ட் அடாப்டரும் இருந்தால் ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். முழுத் திறப்பில், திரையைப் பெரிதாக்கித் தீப்பெட்டி விளிம்பில் ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். கூர்மை ஸ்கேலின் மேல் நடந்துபோவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பலருக்கு இந்த விஷயம் புரிந்ததே இதைப் பார்த்த பிறகுதான். ஆனால் இது நகர்வின் அளவை மட்டும்தான் சொல்லும். எந்த அப்பர்ச்சருக்கு உங்கள் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லாது, ஏனென்றால் இங்கே ரேஞ்ச்ஃபைண்டர் ஆட்டத்திலேயே இல்லை.

இன்னொன்று பழைய மெக்கானிக்குகளின் வழி. ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி நிலையில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) கேபிளால் பூட்டி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து லூப்பால் (சின்ன உருப்பெருக்கி) பார்ப்பது. தண்டவாளம் இரண்டு ஜோடி இருக்கும்; ஃபிலிம் படிவது உள் ஜோடியில், அழுத்துத் தகடு படிவது வெளி ஜோடியில். கண்ணாடியை உள் ஜோடிக்கு ஏற்ற அகலத்தில் வெட்டி, தேய்த்த முகம் லென்ஸைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். சிலர் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டிப் பார்ப்பார்கள். நாடா தொய்யும், நாம் தேடுவதே 0.05 மி.மீ. விவகாரம் என்பதால் அதை நம்பமாட்டேன்.

தப்பு லென்ஸ்ல இல்லாம ரேஞ்ச்ஃபைண்டர்லயே இருந்தா?

இருக்கலாம், அதை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது. வளையத்தை முடிவிலியில் முட்டவைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ செல்ஃபோன் டவரையோ பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். அடுத்து, ஷிஃப்ட் இல்லாத லென்ஸ் ஒன்றைப் போட்டு (எஃப்/2 சம்மிக்ரான், பிளானர், எது கிடைக்கிறதோ அது) ஒரு மீட்டரில் முழுத் திறப்பில் மேலே சொன்ன ஸ்கேல் சோதனை. இரண்டிலும் தேறினால் கேமரா குற்றவாளி இல்லை.

கேமராவுக்குக் கேமரா நுட்பமும் மாறும். இரண்டு சாளரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் உண்மையான அடித்தளம். அது நீளமாக இருக்க இருக்க ஃபோகஸ் துல்லியமாகும். லைக்கா எம்6-இல் 0.72 பெருக்கத்துக்கு அது சுமார் 50 மி.மீ., வாய்க்லேண்டர் பெஸ்ஸா ஆர்-இல் சுமார் 25 மி.மீ.தான். பெஸ்ஸாவில் எஃப்/1.5 லென்ஸை ஒரு மீட்டரில் வைத்துப் படமெடுக்கலாம், ஆனால் சோதனையின் மூன்று வரிசைகளும் ஒன்றுபோல் வரவில்லை என்று அதிர்ச்சி அடையக்கூடாது.

சரி, அளந்தாச்சு. படம் எடுக்கும்போது என்னதான் செய்யணும்?

வளையத்தைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்யலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் பாருங்கள். முடிவிலியிலிருந்து 0.9 மீட்டர் வரை வளையம் கால் சுற்றுச் சுற்றுகிறது என்றால், அதற்குள் லென்ஸ் நகர்வது 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நமக்கு வேண்டிய 0.05 மி.மீ.க்கு வளையத்தைத் திருப்ப வேண்டியது ஒன்றரை டிகிரி. விளிம்பில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கை அதைத் தாண்டிப் போய்விடும்.

உடம்பை நகர்த்துவதுதான் கைகூடும் வழி. லென்ஸ் எஃப்/2.8-க்கு அமைத்தது, நீங்கள் எடுப்பது எஃப்/1.5-இல் என்றால்: கண்ணில் ஃபோகஸ் செய்து, 2 செ.மீ. முன்னால் சாய்ந்து அழுத்துங்கள். லென்ஸ் எஃப்/1.5-க்கு அமைத்தது, எடுப்பது எஃப்/2.8-இல் என்றால் அதே அளவு பின்னால். 2 செ.மீ. என்றால் எவ்வளவு என்று உடம்புக்குப் பழக்க வேண்டும். நான் கேமரா பட்டையில் ஒரு நூல் கட்டிச் சுவரில் தொட்டுத் தொட்டுப் பழகினேன், வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்: கழுத்தை மட்டும் லேசாக நீட்டும் அளவு.

சாய்வது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: ஃபோகஸ் வைக்கும் இடத்தை மாற்றுவது. பின்னால் விழும் லென்ஸுக்கு மூக்கின் நுனியில் வையுங்கள், கூர்மை கண்ணுக்கு வரும். முன்னால் விழும் லென்ஸுக்குக் கண்ணுக்குப் பின்னால் நெற்றிப்பொட்டில், காதோர முடியில். ஜிமிக்கி போட்டிருந்தால் இன்னும் வசதி, ரேஞ்ச்ஃபைண்டருக்கு அதைவிட நல்ல செங்குத்துக் கோடு கிடைக்காது. ஆனால் காது கண்ணுக்கு வெகு பின்னால் இருக்கிறது, ஜிமிக்கியிலேயே ஃபோகஸை முடித்துவிட்டால் அளவு மிஞ்சிவிடும்.

மூன்றாவது வழி சோம்பேறியின் வழி, எனக்குப் பிடித்தது. கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸ் எந்த அப்பர்ச்சருக்கு அமைத்ததோ அதிலேயே எடுப்பது, அல்லது எஃப்/5.6-க்குப் போய்விடுவது. முக்கியமான முகம் என்றால் மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல முன்னால் சாய்ந்தபடி மூன்று படம். கையில் பிடித்து நிற்கும் மனித உடம்பே ஒன்றிரண்டு செ.மீ. ஆடிக்கொண்டிருக்கிறது என்பதால் இந்த மூன்றில் ஒன்று எப்படியும் தேறும்.

நான் நடுவுல ஃபோகஸ் பண்ணிட்டு ஃப்ரேமை மாத்துவேன். அதுல ஏதாவது தப்பு நடக்குமா?

நடக்கும், அதுவும் நல்ல வேடிக்கையாக. ஒரு மீட்டரில் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு, கண் ஃப்ரேமின் மேல்பாதிக்குப் போகும்படி கேமராவைப் பத்து டிகிரி கீழே சாய்க்கிறீர்கள் என்று வையுங்கள். நெடுக்குவாட்டில் பிடித்த 50 மி.மீ.க்கு அது நடுவிலிருந்து மேல் விளிம்புக்குப் பாதி வழி. கூர்மை விழுவது தட்டையான ஒரு தளத்தில். சாய்த்ததும் அந்தத் தளம் கண்ணுக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும்.

எஃப்/1.5-க்கு அமைத்த லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து எடுத்தால், பின்னால் போகும் ஷிஃப்ட்டும் இதுவும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். முதல் கேள்வியில் காதுக்குப் போன ஃபோகஸ் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஷிஃப்ட் மட்டும் அவ்வளவு தூரம் தள்ளாது. மாறாக, எஃப்/2.8-க்கு அமைத்ததை எஃப்/1.5-இல் எடுத்தால் ஷிஃப்ட் 2 செ.மீ. முன்னால் இழுக்கும், ஃப்ரேம் மாற்றுவது ஒன்றரை செ.மீ. பின்னால் தள்ளும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு படம் பளிச்சென்று வரும். "என் சொன்னாரில் பிரச்சினையே இல்லை" என்று அடித்துச் சொல்பவர்களில் சிலர் இப்படி அறியாமல் பிழைத்தவர்கள் என்பது என் சந்தேகம்.

வெயில்ல எடுத்தா இதைப் பத்திக் கவலையே வேண்டாமா?

உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், ஷட்டர் 1/1000-ஐத் தாண்டாத கேமராவில் நீங்கள் எஃப்/5.6 பக்கம்தான் நிற்க முடியும். அடர்த்தியான என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருமையான கண்ணாடி) இல்லாமல் எஃப்/1.5 என்ற பேச்சே இல்லை. அதனால் கவலை இல்லை. திண்ணை நிழலுக்கு வந்துவிட்டால்தான் வினை: அதே ஃபிலிமில் 1/500-க்கு எஃப்/2.8 கிடைக்கும், எஃப்/1.5-க்கு அமைத்த லென்ஸ் அதிகம் ஏமாற்றும் இடமும் அதுதான்.

தூரத்துல இருக்கறதை எடுக்கும்போது?

மூன்று மீட்டரில் நகர்வு ஒன்பது மடங்கு ஆகும், ஆழமும் ஒன்பது மடங்கு ஆகும். விகிதம் மாறுவதில்லை. அப்படியானால் ஏன் கிட்டத்தில் மட்டும் புகார் வருகிறது என்றால், மூன்று மீட்டரில் யாரும் இமைமுடியை எண்ணுவதில்லை. முடிவிலியிலும் இதேதான். எஃப்/1.5-க்கு அமைத்த லென்ஸ் எஃப்/2.8-இல் முடிவிலியைத் தாண்டிக் கூர்மையாகும், மலை சற்றே மென்மையாக வரும். பெரிய பிரின்ட் போட்டால் தெரியும். எஃப்/5.6-க்கு மூடிவிடுங்கள்.

ஜூபிட்டர்-3 சும்மா கிடைச்சுது. அதுவும் சொன்னார்தானே, இதே கணக்கா?

சோவியத் லென்ஸ் அது. வடிவமைப்பில் சொன்னார் வம்சம்தான், ஷிஃப்ட்டும் உண்டு. ஆனால் அதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கு 50 மி.மீ. லென்ஸின் உண்மைக் குவியத்தொலைவை 51.6 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறது, சோவியத் லென்ஸ்கள் பின்பற்றியது கான்டாக்ஸ் வழிவந்த 52.4 மி.மீ. ஸார்க்கி, ஃபெட் என்ற சோவியத் கேமராக்களில் பொருந்தும் லென்ஸ், லைக்காவில் முடிவிலியில் சரியாக இருந்து கிட்டத்தில் தவறும். அது ஷிஃப்ட் இல்லை, அளவு முரண். அப்பர்ச்சரை மாற்றினால் தீராது. போதாததற்குப் பல ஜூபிட்டர்களை ஐம்பது அறுபது ஆண்டில் யார் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

கேமராவோட ரேஞ்ச்ஃபைண்டரையே இந்த லென்ஸுக்கு ஏத்த மாதிரி திருப்பிட்டா?

வேண்டாம். ஒரு லென்ஸுக்காகக் கேமராவைத் திருப்பினால் மற்ற எல்லா லென்ஸும் கெடும். எனக்கு இதை ஒரு மெக்கானிக் செய்துகொடுத்தார், நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். சொன்னார் எஃப்/1.5-இல் அற்புதமாக வந்தது. அதே வாரம் 35 மி.மீ. போட்டு எடுத்த கல்யாண வீட்டு ரோலில் கிட்டத்தில் நின்ற ஒருவர் முகமும் தேறவில்லை. திருப்பியதைத் திரும்பத் திருப்ப இன்னொருவருக்குக் கூலி.

அப்போ லென்ஸைத்தான் மாத்தணுமா? ஷிம் போடறதுங்கறாங்களே, அது என்ன?

ஆம், தொட வேண்டியிருந்தால் லென்ஸைத்தான். கண்ணாடித் தொகுதிக்கும் அதைத் தாங்கும் உடலுக்கும் நடுவில் மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும், அதுதான் ஷிம். அதன் கனத்தை மாற்றினால், உருளை தொடும் விளிம்பு அப்படியே இருக்க, கண்ணாடி மட்டும் முன்பின் நகரும். முன்னால் விழும் லென்ஸுக்கு மெல்லிய ஷிம், பின்னால் விழுவதற்குக் கனமான ஷிம். மறுபடி அதே 0.05 மி.மீ. கணக்குதான்.

இது ஷிஃப்ட்டை ஒழிக்காது. எந்த அப்பர்ச்சரில் சரியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றும். அதனால் மெக்கானிக்கிடம் "சரிபண்ணிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு மீட்டரில், எஃப்/2-இல் சரியாக இருக்க வேண்டும்" என்று அப்பர்ச்சரையும் தூரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஜூபிட்டரில் கைவைத்துப் பழகலாம். சி சொன்னாரை வீட்டு மேசையில் பிரிக்க நான் சொல்லமாட்டேன்.

லேப்ல குடுத்த ஸ்கேன் எல்லாமே மசமசன்னு இருக்கு. இதுவும் ஷிஃப்ட்தானா?

நெகட்டிவை லூப்பில் பாருங்கள். ஸ்கேனில் ஃபிலிமின் மணி கூர்மையாகத் தெரிந்து, முகம் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் பிழை. மணியே மங்கலாக இருந்தால் ஸ்கேனர் ஃபோகஸ் ஆகவில்லை, உங்கள் மேல் தப்பில்லை. மணியும் கூர்மை, முகத்தில் எல்லாம் ஒரே திசையில் இழுத்ததுபோல் இருந்தால் கை ஆடியிருக்கிறது.

எஃப்/1.5-லயே எடுத்தேன், சரியான இடத்துலதான் ஃபோகஸ், ஆனாலும் பளிச்னு இல்லையே?

அது லென்ஸின் முகம். மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே பிறழ்ச்சி, கூர்மையான உருவத்தின் மேல் மெல்லிய திரையைப் போர்த்துகிறது. பிடிக்கவில்லையென்றால் எஃப்/2.8-க்கு மூடுங்கள், திரை போய்விடும். அப்போது கூர்மை எங்கே விழும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

இவ்வளவு தொல்லைன்னா வித்துட்டு ஒரு பிளானர் வாங்கிடலாமா?

தாராளமாக. எஃப்/1.5 அரிதாகத்தான் வேண்டும், பெரும்பாலும் தெருவில் எஃப்/5.6, எஃப்/8 என்று எடுப்பவர் என்றால் எஃப்/2 பிளானர் உங்களுக்கு ஒரு கவலையும் தராது, விலையும் குறைவு. நானும் ஒருமுறை விற்க விலை பேசிவிட்டேன். வாங்க வந்தவர் சோதிக்க ஒரு படம் எடுக்கச் சொன்னார். சமையலறை ஜன்னலோரம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எஃப்/1.5, இரண்டு செ.மீ. முன்னால் சாய்ந்து எடுத்தேன். அந்த நெகட்டிவ் வந்த பிறகு அவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.